பத்தாம் எண் பாட்டில்

ஜனவரி 16

அன்புள்ள தம்பிக்கு,

பெட்டி வந்தது. பத்து கடல்நீர் பாட்டில்களும் உடையாமல் வந்தன. உன் கடிதத்தைத்தான் மின்விசிறிக்குக் கீழே காயப்போட்டுப் படிக்க வேண்டியிருந்தது. ஐஸ் பெட்டிக்குள் கடிதம் வைப்பவன் அதை ஒரு பிளாஸ்டிக் உறையில் போட வேண்டும் என்று நாலு வருடமாகச் சொல்கிறேன். ஃபோன் இருக்கும்போது இதென்ன கூத்து என்று ஆய்வகத்தில் பக்கத்து மேசைக்காரி கேட்கிறாள். "ஃபோன்ல பேசினா சாப்பிட்டியா தூங்கினியாவோட முடிஞ்சுடும். எழுதச் சொன்னா அவன் நாலு பக்கம் எழுதுவான்" என்றேன். உன் அண்ணனுக்கு இரண்டுமே வராது. கல்யாணமான இந்தப் பதினாறு வருடத்தில் அவர் எனக்கு எழுதியது ஒரே ஒரு சீட்டு. அதுவும் கேஸ் தீர்ந்துவிட்டது என்று.

ஒரு புகார் இருக்கிறது. நான் அமிலத்தில் மூன்று முறை, சுத்த நீரில் மூன்று முறை கழுவி மூடி அனுப்புகிற பாட்டிலை நீ படகில் வைத்துக் கடல் தண்ணீரால் மறுபடி மூன்று முறை அலசுகிறாயாம். உன் வீட்டுச் சிப்பிக்காரி ஃபோனில் போட்டுக் கொடுத்துவிட்டாள். அண்ணி கழுவியதில் அவ்வளவு நம்பிக்கையா?

இன்னொன்று, உன் பத்தாவது இடம். ஒன்றிலிருந்து ஒன்பது வரை கரையோரத்தில் இருக்கிற எல்லா இடங்களும் எனக்குப் பழகிய முகங்கள். நைட்ரேட் எவ்வளவு, பாஸ்பேட் எவ்வளவு என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடுவேன். பத்து மட்டும் ஒரு மாதம் ஒன்றாம் இடத்தைப் போல இருக்கிறது, மறு மாதம் ஏழாம் இடத்தைப் போல இருக்கிறது. வரைபடத்தில் வெறுமனே 'வெளிக்கடல்' என்று எழுதியிருக்கிறாய். அங்கே அப்படி என்னதான் நடக்கிறது?

நான்காம் இடத்தில் அம்மோனியா 5. அளவு 10ஐத் தாண்டினால்தான் கவலை. உன் அண்ணன் மேலாளராக இருக்கிற கழிவுநீர் நிலையத்தின் குழாய் அங்கேதான் கடலில் விழுகிறது என்பதால், அந்தப் பாட்டிலைத் திறக்கும்போதெல்லாம் நான் இல்லாத வீட்டை மனிதர் பெருக்கி வைத்திருக்கிறாரா என்று எட்டிப் பார்ப்பதுபோல இருக்கும். பெருக்கியிருக்கிறார்.

அண்ணி


ஜனவரி 30

அன்புள்ள அண்ணிக்கு,

இந்த முறை உறையில் போட்டிருக்கிறேன். நனைந்தால் உறையின் குற்றம்.

பாட்டிலை அலசுவது விதி. எந்த இடத்துத் தண்ணீரை எடுக்கப்போகிறோமோ அதாலேயே மூன்று முறை அலசிக் கொட்டிவிட்டு நான்காவது முறைதான் நிரப்ப வேண்டும். யார் கழுவிய பாட்டிலானாலும் அப்படித்தான். நம்பிக்கைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. பத்தாம் இடத்தில் நீரோட்டம் அப்படி. அதைப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

இப்போது எழுதப் போவது உங்கள் சிப்பிக்காரி சொல்லச் சொன்னது. பக்கத்திலேயே உட்கார்ந்து ஒவ்வொரு வரியாகப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். போன வருடம் அவள் சிப்பி வளர்க்கிற மிதவைகளில் பாதியை அலை அடித்துக்கொண்டு போனது உங்களுக்குத் தெரியும். இந்த வருடம் இருபத்திநாலு மிதவைகளையும் நான்காம் இடத்துக்குப் பக்கத்தில் இருக்கிற சின்ன வளைவுக்குள் கொண்டுபோய்க் கட்டலாமா என்று கேட்கிறாள். அங்கே அலையே இல்லை. ஆனால் குழாய் பக்கத்தில் இருக்கிறது. நான் போடலாம் என்றேன். "உங்க பேச்சு எனக்கு வேண்டாம், அக்கா நம்பரைப் பார்த்துச் சொல்லட்டும். அக்கா சொன்னா சிப்பிக் குஞ்செல்லாம் அங்கயே போட்டுடுவேன்" என்கிறாள். இத்தனை வருடம் குடித்தனம் நடத்தி என் மதிப்பு இவ்வளவுதான்.

இந்தப் பெட்டியில் இருக்கிற நான்காம் பாட்டிலைப் பார்த்துவிட்டு ஒரு வார்த்தை எழுதுங்கள்.

தம்பி


பிப்ரவரி 11

அன்புள்ள தம்பிக்கு,

முடிவுத் தாள் இத்துடன் இருக்கிறது. வேலை அதிகம், அதனால் சுருக்கமாக எழுதுகிறேன்.

நான்காம் இடத்தில் அம்மோனியா 6. மற்றதெல்லாம் வழக்கம்போலத்தான். பத்தில்தான் 31 வந்திருக்கிறது. வெளிக்கடலில் ஏதோ கப்பல்காரன் தொட்டியைக் கழுவி விட்டிருப்பான். கரைக்கு அதனால் ஒன்றும் ஆகாது.

உன் அண்ணன் போன வாரம் திடீரென்று இங்கே வந்து இரண்டு நாள் இருந்தார். நிலையத்தில் ஏதோ மோட்டார் ரிப்பேராம், பார்த்துக்கொண்டிருக்கிறார்களாம். கொஞ்சம் மெலிந்திருக்கிறார். வீட்டுக்குக் கூப்பிட்டு ஒருவேளை சாப்பாடு போடு.

சிப்பிக்காரியிடம் தாராளமாகப் போடச் சொல்.

அண்ணி


பிப்ரவரி 27

அன்புள்ள அண்ணிக்கு,

குஞ்சு போட்டாயிற்று. 18ஆம் தேதி காலையில் ஆரம்பித்து மூன்று நாள் ஆனது. கயிறு கட்டிக் கட்டி அவள் விரலெல்லாம் தோல் உரிந்துவிட்டது. ஆனாலும் சந்தோஷமாக இருக்கிறாள். உங்கள் கடிதத்தைக் கொட்டகைக் கதவின் உள்பக்கத்தில் ஒட்டி வைத்திருக்கிறாள். 'தாராளமாக' என்ற வார்த்தைக்குக் கீழே பேனாவால் ஒரு கோடு வேறு போட்டிருக்கிறாள்.

கேட்க வேண்டும் என்று நினைத்த ஒன்று. தவறாக எடுத்துக்கொள்ளாதீர்கள். போன பெட்டியில் மூடிகள், லேபிள்கள் எல்லாம் சரியாக இருந்தனவா? எதுவும் இடம் மாறியிருக்க வாய்ப்பு உண்டா? அன்றைக்குப் படகு கொஞ்சம் ஆடியது, நான்தான் ஏதாவது மாற்றி ஒட்டிவிட்டேனோ என்று ஒரு சந்தேகம். சும்மா கேட்டேன்.

தம்பி


மார்ச் 12

தம்பிக்கு,

எதுவும் மாறவில்லை. லேபிள்கள் சரியாகத்தான் இருந்தன. ஏன் கேட்டாய் என்று தெரியவில்லை. இந்த மாதமும் நான்கில் 6.

கடிதத்தைக் கதவில் ஒட்டுவதெல்லாம் எதற்கு? எடுத்துவிடச் சொல். மழை பட்டால் மை கரையும்.

அண்ணி


மே 9

ஆய்வாளர் அவர்களுக்கு,

ஏப்ரல் 22ஆம் தேதி நான்காம் இடத்தை ஒட்டிய வளைவில் தண்ணீர் பாசி பூத்துப் பழுப்பும் பச்சையுமாக மாறியது. 25ஆம் தேதி காலையில் அளந்தபோது அடித் தண்ணீரில் ஆக்சிஜன் இல்லை. இருபத்திநாலு மிதவைகளிலும் சிப்பிகள் வாய் பிளந்து கிடந்தன. இதை உங்களிடம் ஃபோனில் சொன்னது என் மனைவி. நீங்கள் அவளுக்கு ஆறுதல் சொன்னீர்கள். "கடல்ல இதெல்லாம் சகஜம்மா, மனசைத் தேத்திக்கோ" என்றீர்கள். நான் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன்.

ஆபீஸ் கடிதம்போல எழுத வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன். முடியவில்லை.

அண்ணி, பத்தாம் இடம் என்று ஒன்று கிடையாது. எந்தக் காலத்திலும் கிடையாது. மாதாமாதம் ஒன்பது இடங்களில் ஒன்றைச் சீட்டுப் போட்டு எடுத்து, அதே இடத்தில் அதே நேரத்தில் இன்னொரு பாட்டிலும் நிரப்பிப் பத்து என்று லேபிள் ஒட்டுவேன். ஒரே தண்ணீருக்கு ஆய்வகம் ஒரே எண்ணைத் தருகிறதா என்று பார்ப்பதற்காக. இது எனக்கும் தலைமை அதிகாரிக்கும் மட்டும் தெரிந்த ஏற்பாடு; எந்த மாதம் எந்த இடம் என்ற பட்டியல் வருடக் கடைசியில்தான் அவருக்குப் போகும். ஜனவரி மாதச் சீட்டில் வந்தது நான்கு. அதே தண்ணீர்தான் இரண்டு பாட்டிலிலும் இருந்தது. பத்து என்று எழுதியிருந்ததற்கு 31 என்று உண்மையைச் சொன்னீர்கள். நான்கு என்று எழுதியிருந்ததற்கு 6 என்றீர்கள்.

சந்தேகத்துக்கு இடமிருக்கக் கூடாது என்று, நாங்கள் உறைபெட்டியில் போட்டு வைக்கிற உபரிப் பாட்டில்களை வேறொரு ஆய்வகத்துக்குக் கொண்டுபோனேன். நான்காம் இடம்: ஜனவரியில் 30, பிப்ரவரியில் 37, மார்ச்சில் 44. உங்கள் தாள்களில் 6, 6, 7. அந்த அம்மோனியாதான் பாசிக்கு உரமானது.

அண்ணனிடம் போய்க் கேட்டேன். தொலைக்காட்சியிலிருந்து கண்ணை எடுக்காமல், "லேப் என்ன சொல்லுதோ அதுதான் சரி" என்றார்.

உங்களிடம் அவள் கேட்டது ஒரே ஒரு கேள்வி. வேண்டாம் என்று எழுதியிருக்கலாம். காரணம்கூடச் சொல்ல வேண்டியதில்லை, உங்கள் ஒரு வார்த்தைக்காக அவள் மிதவைகளை மலைக்கே தூக்கிக்கொண்டு போயிருப்பாள். எண்ணை மாற்றியதைக்கூட அண்ணனுக்காக என்று நினைத்துக்கொள்ளலாம். 'தாராளமாக' என்று எழுதினீர்களே, அது யாருக்காக?

அடுத்த பெட்டி வருவதற்குள் நீங்களே தலைமை அதிகாரியிடம் சொல்லிவிடுங்கள். இல்லையென்றால் பத்தாம் பாட்டிலின் பட்டியலை நான் அனுப்பிவிடுவேன். ஃபோன் செய்ய வேண்டாம். உங்கள் குரலைக் கேட்டால் நான் இளகிவிடுவேன்.


மே 17

தம்பிக்கு,

நாலு வருடம். நாற்பத்தெட்டுப் பெட்டி. அத்தனையிலும் எனக்கு ஒரு பொறி வைத்து அனுப்பியிருக்கிறாய். அந்தப் பத்தைப் பற்றி நான் சிரித்துச் சிரித்துக் கேட்டேன். 'நீரோட்டம் அப்படி' என்று எழுதினாய். விதி என்பாய். விதிதான், எனக்கும் தெரியும். விதியை மீறி என்னிடம் சொல்லச் சொல்லவில்லை. ஆனால் அந்தப் பொய்யை அவ்வளவு கூசாமல் எழுத உன்னால் முடிந்ததே, அதைத்தான் ஜீரணிக்க முடியவில்லை. நான் கல்யாணமாகி வந்தபோது பதினேழு வயதில் வீட்டு வாசலில் சைக்கிளோடு நின்ற பையனை எனக்குத் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

சரி. நான் செய்ததையும் சொல்லிவிடுகிறேன். உன் அண்ணன் பிப்ரவரி 6ஆம் தேதி வந்தார். ஷூவைக்கூடக் கழற்றாமல் சமையலறை நாற்காலியில் உட்கார்ந்தார். தொட்டிகளுக்குள் காற்று ஊதுகிற மோட்டார் நின்றுபோய்ப் பதினைந்து நாளாகிவிட்டது, கழிவு பாதி சுத்தத்தில் கடலுக்குப் போகிறது, எண் வெளியே வந்தால் தன் வேலை போய்விடும் என்றார். "பத்து நாள்ல பார்ட்ஸ் வந்துடும். ஒரே ஒரு தடவை." அவர் எதையும் கேட்டு நான் பார்த்ததில்லை, தம்பி. பதினாறு வருடத்தில் முதல் முறையாக ஒன்று கேட்டார். கேட்டுவிட்டாரே என்று எனக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம்கூட வந்தது. அதை நினைத்தால்தான் இப்போது குமட்டுகிறது.

மறுநாள் நான்காம் பாட்டிலில் மருந்து விட்டதும் நீலம் ஏறிக்கொண்டே போனது. அம்மோனியா எவ்வளவோ அவ்வளவு நீலம். பக்கத்திலேயே பத்தும் அதே நீலத்தில் நின்றது. இரண்டும் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி நின்றதைப் பார்த்துக்கொண்டேதான் ஒன்றுக்கு 31 என்றும் ஒன்றுக்கு 6 என்றும் எழுதினேன். என் கண் நான்கின் மேலேயே இருந்தது.

பத்து நாளில் சரியாகிவிடும் என்று நம்பித்தான் அவளைப் போடச் சொன்னேன். வேண்டாம் என்று எழுதினால் ஏன் என்று நீ கேட்பாய் என்ற பயமும் இருந்தது. இரண்டும் உண்மை. பத்து நாள் ஒரு மாதமாயிற்று, ஒரு மாதம் மூன்று மாதமாயிற்று. கேட்டபோதெல்லாம் "வந்துட்டே இருக்கு" என்றார்.

இனி நான் ஒன்று கேட்கிறேன், பதில் சொல். என் முடிவுத் தாள் பிப்ரவரி 12ஆம் தேதி உன் கையில் கிடைத்தது. பத்தும் நான்கும் ஒரே தண்ணீர் என்று இந்த உலகத்தில் தெரிந்திருந்தவன் ஒரே ஒருவன். நீ. 6ஐயும் 31ஐயும் பக்கத்தில் பக்கத்தில் நீ பார்த்திருக்கிறாய். அவள் குஞ்சு போட்டது 18ஆம் தேதி. நடுவில் இருந்த ஆறு நாளும் நீ என்ன செய்துகொண்டிருந்தாய்?

அண்ணி


மே 30

எப்படி அழைப்பது என்று தெரியவில்லை, அதனால் மேலே காலியாக விட்டிருக்கிறேன்.

12ஆம் தேதி சாயங்காலமே பார்த்துவிட்டேன். படகுத்துறையில் பெட்டி மேலேயே உட்கார்ந்து தாளைப் பிரித்தேன். 6, 31. முதலில் தோன்றியது ஆய்வகம் தவறு செய்துவிட்டது என்பது. அடுத்த நிமிடமே, அண்ணி தவறு செய்ய மாட்டார்கள், நான்தான் லேபிளை மாற்றி ஒட்டியிருப்பேன் என்று தோன்றியது. வேறு ஆய்வகமாக இருந்திருந்தால் அன்றைக்கே தலைமை அதிகாரியைக் கூப்பிட்டிருப்பேன். என் கையை விட உங்கள் கையை நம்பினேன்.

ஆனால் அது முழுப் பதில் இல்லை. ஆறு நாளும் அந்தத் தாளை எடுத்து எடுத்துப் பார்த்தேன். அவள் கயிறுகளை அளந்து வெட்டிக்கொண்டிருந்தாள், நான் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். "கொஞ்சம் பொறு, இன்னொரு தடவை தண்ணி எடுத்துப் பார்த்துடலாம்" என்று சொல்ல வாயெடுத்தேன். சொன்னால் பத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். அக்கா மேல் சந்தேகமா என்று அவள் கேட்பாள். விதி, குடும்பம் என்று இரண்டு பக்கமும் சாக்கு இருந்தது, வாயை மூடிக்கொண்டேன். அவள் போட்டு முடித்த பிறகுதான் லேபிள் மாறியதா என்று உங்களைக் கேட்டேன். பிப்ரவரிச் சீட்டில் எட்டு வந்தது, மார்ச்சில் இரண்டு. இரண்டுமே பத்தோடு இம்மி பிசகாமல் பொருந்தின. பார்த்தாயா, அண்ணி சரியாகத்தான் இருக்கிறார்கள் என்று நிம்மதியாகத் தூங்கினேன்.

நேற்று அவளிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். உங்கள் கடிதத்தையும் படிக்கக் கொடுத்தேன். படித்து முடித்துவிட்டு, "ரெண்டு பேருக்கும் தெரிஞ்சிருக்கு" என்று மட்டும் சொன்னாள். பிறகு எழுந்துபோய்ப் பாத்திரம் துலக்கினாள்.

இன்று காலை படகில் என்னுடன் வந்தாள். நான் ஒன்பது பாட்டில்களையும் பத்தையும் நிரப்பி முடித்த பிறகு, என்னைத் திரும்பி உட்காரச் சொல்லிவிட்டு, தன் கையால் ஒரு பாட்டில் நிரப்பினாள். லேபிளில் 11 என்று எழுதியிருக்கிறாள். எந்த இடத்துத் தண்ணீர் என்று என்னிடம் சொல்ல மாட்டாளாம். முடிவை ஒட்டிய உறையில் தன் பெயருக்கே அனுப்ப வேண்டும் என்கிறாள். நீங்களும் பார்க்கக் கூடாது, நானும் பார்க்கக் கூடாது. பெட்டியில் அது ஓரமாக இருக்கிறது.

பட்டியலை நான் இன்னும் அனுப்பவில்லை. அனுப்பப் போவதில்லை என்று அர்த்தமில்லை. அனுப்பினால் அந்த ஆறு நாளையும் சேர்த்துத்தான் எழுத வேண்டும், அதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.


ஜூன் 21

தம்பிக்கு,

பெட்டி வந்த அன்றைக்கே தலைமை அதிகாரியின் அறைக்குப் போனேன். குறிப்பேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு அவர் எதிரிலேயே திருத்தினேன். எங்கள் வழக்கப்படி எண்ணை அழிக்கக் கூடாது, மேலே ஒற்றைக் கோடு போட வேண்டும், பழையது கீழே தெரிய வேண்டும், பக்கத்தில் சரியான எண்ணும் கையெழுத்தும் தேதியும். மூன்று மாதத்துக்கு மூன்று கோடு. கதவில் இருக்கிற கடிதத்துக்கு இங்கிருந்து என்னால் கோடு போட முடியாது.

உன் கடிதமும் பட்டியலும் மறுநாள் அவருக்கு வந்ததாம். எனக்காக நீ ஒரு நாள் காத்திருந்தாயா, தபால் தாமதமா என்று தெரியவில்லை. சொல்ல வேண்டாம்.

விசாரணை நடக்கிறது. நிலையத்தில் புது மோட்டார் மாட்டிவிட்டார்களாம், நாலே நாளில். உன் அண்ணனிடமும் விளக்கம் கேட்டிருந்தார்கள். அவர் எழுதிக் கொடுத்ததன் நகலை எனக்குக் காட்டினார்கள். 'என் மனைவியின் அலுவலக வேலையில் நான் எப்போதும் தலையிட்டதில்லை. அவர் இவ்வாறு செய்தது எனக்கு அதிர்ச்சியளிக்கிறது.' பதினாறு வருடத்தில் அவர் எழுதி நான் பார்க்கிற இரண்டாவது சீட்டு. கையெழுத்து அழகாகத்தான் இருக்கிறது. அன்று ஷூவைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்த ஆள் யார் என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். ஊருக்கு வரப்போவதில்லை, என் துணிமணிகளை அவர் எங்கே வைத்திருந்தாலும் அங்கேயே இருக்கட்டும். எனக்கு இப்போது கோபத்தைவிட வெட்கம்தான் அதிகம். அவரை நம்பி ஏமாந்தவள் நான் என்று அழக்கூட எனக்கு உரிமை இல்லை. அதே வேலையை நான் உன் மனைவிக்குச் செய்திருக்கிறேன்.

உன்மேல் எனக்கிருக்கிற கோபம் போகவில்லை. அந்த ஆறு நாளைப் பற்றி நீ எழுதியதைப் படித்ததும் குறையும் என்று நினைத்தேன், குறையவில்லை. என்னை நம்பியதாக எழுதியிருக்கிறாய். நம்பிக்கையைக் கொண்டுவந்து அந்த இடத்திலா வைத்தாய்?

விசாரணை முடியும்வரை என்னைக் கருவிகளைத் தொட விடமாட்டார்கள். பாட்டில் கழுவும் அறையில் போட்டிருக்கிறார்கள். பதினொன்றாம் எண்ணைப் பார்த்தது வேறொருத்தி. ஒட்டிய உறையை அவளே தபாலில் போட்டாள். அதில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியாது, நான் கேட்கவும் இல்லை. சோதனை முடிந்து காலியான பாட்டில் மட்டும் என் தொட்டிக்கு வந்தது. அவள் எழுதிய லேபிளை ஊறவைத்து உரித்தேன். அமிலத்தில் மூன்று முறை, சுத்த நீரில் மூன்று முறை கழுவிக் காயவைத்து, இந்தப் பெட்டியின் ஓரத்தில் அது இருந்த இடத்திலேயே வைத்திருக்கிறேன்.

அவளிடம் கொடுத்துவிடு. அடுத்த முறை நிரப்புவதற்கு முன்னால் அந்த இடத்துத் தண்ணீராலேயே மூன்று முறை அலசிக்கொள்ளச் சொல். அக்கா கழுவியதுதானே என்று அப்படியே விட்டுவிட வேண்டாம்.